கரையில் நிற்கிறவள்

ஏலத்துக்குப் போகிறவர்கள் காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். பசியோடு போனால் பொறுமை இராது. கண்ட படத்துக்கெல்லாம் கையை உயர்த்திவிட்டு, பிறகு வீட்டில் போய்த் தலையில் கைவைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இதை எனக்குச் சொல்லித்தந்தவர் ஹோல்கர். கோல்டிங் என்ற டெனிஷ் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் வேலை செய்யும் கிளப்பின் மூத்த அங்கத்தவர். அவர் சொன்னது படங்களுக்கு மட்டும் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை.

இதை எழுதக் காரணம் விமலராணி. ஹேர்னிங் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரைத் தொகுப்பவர். போன கிழமை ரெலிபோன் எடுத்தார்.

"இரத்தினம் அண்ணை, இந்த முறை மலர் முழுக்கத் தமிழர் வழக்குத்தான். தவராஜா அண்ணையும் எழுதித் தந்திட்டார். உங்கட கிளப்பில இருக்கிற அட்வொகாட் நீல்ஸ்தான் வாக்கெடுப்பில கறுப்பு உருண்டை போட்டுத் தவராஜா அண்ணையின்ர மனிசி பிள்ளையை வரவிடாமச் செய்தவர் எண்டு பேரோட எழுதியிருக்கிறார். நீங்கள் அண்டைக்கு அங்க நிண்டனீங்கள்தானே? ஓம் எண்டு ரெண்டு வரி எழுதித் தாங்கோவன்."

எழுதித் தருகிறேன் என்றேன். ஆனால் இரண்டு வரி போதாது. ஓம் என்று எழுதவும் முடியாது. வாயால் சொல்கிற பொய் காற்றோடு போய்விடும். அச்சில் ஏறுகிற பொய் அப்படியல்ல. அது எனக்குப் பிடிக்காது.

தமிழர் வழக்கில், எங்கள் குடும்பங்களைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பக் கோவைகளை அமைச்சர் பார்க்காமல் மேசையில் கிடக்கவிட்டதும், விசாரணை வந்ததும், இந்த வருடத் தொடக்கத்தில் அரசாங்கமே விழுந்ததும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் சனம் இப்போது எந்தக் குறைக்கும் அமைச்சரைத்தான் திட்டுகிறது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் சோதனை தவறினாலும் அமைச்சர்தான். அவர் செய்ததை நான் நியாயப்படுத்த வரவில்லை. என்னுடைய பங்கை அவர் தலையில் போடுவது முறையல்ல, அவ்வளவுதான்.

என்னைப்பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு ஊர் யாழ்ப்பாணம். இலங்கை மலைநாட்டில், ஸ்கொட்லாந்துத் துரைமார் கட்டிய தோட்டக் கிளப் ஒன்றில் கிளாக்கராக இருந்தேன். துரைமார் போய்விட்டார்கள், படங்கள் சுவரிலேயே இருந்தன. பனிமூட்டம், மலை, நீண்ட மயிர் தொங்கும் மாடுகள் தண்ணீர் குடிக்கிற ஓடை. மத்தியானத்தில் ஆளில்லாத நேரம் அந்த மாடுகளுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பேன். என் வாழ்க்கையில் அமைதி என்று ஒன்றை அறிந்தது அங்கேதான். எண்பத்துமூன்று கலவரத்தில் கிளப்பை எரித்தார்கள். சமையல்காரர் குடும்பத்தோடு பின்பக்கத்து லயத்து வீட்டில் இருந்தவர். அதற்கும் நெருப்பு வைத்தார்கள். அவருடைய மூத்த மகன் தப்பவில்லை. நான் அன்று வாய்விட்டு அழுதேன். எல்லோரும் அந்தப் பொடியனுக்காக அழுகிறேன் என்று நினைத்தார்கள். நான் திருத்தவில்லை.

கோல்டிங்குக்கு வந்து சேர்ந்தபோது இந்தக் கிளப்பில் வேலை கிடைத்தது என் அதிர்ஷ்டம். இருநூறு வருடத்துக்கு முந்தியது. தானியமும் வெண்ணெயும் ஏற்றிக்கொண்டு ஸ்கொட்லாந்துக்குப் போன வணிகர்கள் தொடங்கியது. போனவர்கள் படங்களோடு திரும்பினார்கள். அதனால் அங்கே சுவரில் ஸ்கொட்லாந்துப் படம் மட்டும்தான் ஏறும். ஏறிய படம் லேசில் இறங்காது. ஒரு படத்தை விற்க வேண்டுமென்றால் அங்கத்தவர்கள் அந்தப் படத்தின் முன்னாலேயே வரிசையாகப் போய், மூடிய மரப்பெட்டிக்குள் கையை விட்டு, வெள்ளை உருண்டையோ கறுப்பு உருண்டையோ போட வேண்டும். எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும். ஒரு கறுப்பு விழுந்தால் படம் இருந்த இடத்திலேயே இருக்கும். யார் போட்டது என்று கேட்கக் கூடாது. கேட்டவர் கிளப்பை விட்டு விலக வேண்டும். இதைப்போல ஒழுங்கான ஒரு வழக்கத்தை நான் எங்கும் கண்டதில்லை.

ஹோல்கர் என்னைக் கொப்பன்ஹேகன் ஏலங்களுக்குக் கூட்டிக்கொண்டு போவார். அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. என் கண்ணை அவர் நம்பினார். எண்பத்தாறில் ஒருநாள், கதவோரத்தில் தளபாடங்களுக்குப் பின்னால், சாத்திவைத்த ஒரு படத்தைக் கண்டேன். கையெழுத்து இல்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்கொட்லாந்தின் ஏதோ ஒரு மீன்பிடிக் கிராமம். கூழாங்கல் கரையில் ஒரு பெண் நிற்கிறாள். பக்கத்தில் வெறுங்கூடை. ஒரு சின்னப் பிள்ளை அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வள்ளம் வரவில்லை. கடல் படத்தில் ஒரு கீற்றுத்தான். மிச்சக் கடல் முழுக்க அவள் முகத்தில் இருந்தது. சால்வையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்க்கக் குனிந்தவன் நிமிரவில்லை. ஹோல்கர் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். அவர் இலக்க மட்டையை உயர்த்தினார். எதிர்த்துக் கேட்க ஆளில்லை, சுத்தியல் விழுந்தது. படம் கிளப்பின் பேரில் வந்தது. ஆனால் தலையாட்டியவன் நான்.

தவராஜாவைக் கிளப் சமையலறையில் கோப்பை கழுவச் சேர்த்துவிட்டவனும் நான்தான். ஒரே ஊர்க்காரன் என்ற கடமைக்குச் செய்தேன். அவனை எனக்குப் பிடித்ததில்லை. ஈரக் கையோடு படஅறைக்குள் வருவான். உரத்துக் கதைப்பான். ஒருநாள் அவளுக்கு முன்னால் நின்று சிரித்தான்.

"அண்ணை, இந்த மீன்காரியில அப்பிடி என்ன கிடக்கு? ஒவ்வொருநாளும் துடைக்கிறியள். வெள்ளைக்காரன்ர சுவருக்குக் காவல் நிக்கிறதுக்கு இவ்வளவு பெருமையோ?"

நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். சில பேருக்குக் கண் இருந்தும் பிரயோசனமில்லை.

அவனுடைய மனைவி பரமேஸ்வரியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தான். மறுமொழி வராது. சண்டைச் செய்தி மட்டும் வரும். எண்பத்தெட்டாம் ஆண்டு மாசியில் ஒரு மத்தியானம், கோப்பைகளை அப்படியே போட்டுவிட்டுச் சமையலறை நிலத்தில் இருந்து பெரிதாக அழுதான். ஹோல்கர் கேட்டுவிட்டு உள்ளே வந்தார். தனக்குத் தெரிந்த அரைகுறை டெனிஷில் தவராஜா சொன்னதைக் கேட்டு அந்தக் கிழவரும் கண்ணைத் துடைத்தார். அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்த கிழமை அங்கத்தவர் கூட்டத்தில் ஒரு யோசனை வைத்தார். இதற்கிடையில் ஏலகாரர் நல்ல விலை மதித்திருந்த, கரையில் நிற்கிறவளை ஏலத்தில் விற்பது. வருகிற பணத்தில் தாயையும் பிள்ளையையும் சண்டையில்லாத கொழும்பில் ஒரு வீடெடுத்து இருத்துவது. இங்கே நல்ல அட்வொகாட் வைத்து வழக்குப் பேசுவது.

எல்லாப் படங்களுக்குள்ளும் அவளைத்தான் தெரிந்தெடுத்தார். காரணமும் சொன்னார். காத்திருக்கிற ஒருத்தி இன்னொருத்திக்கு உதவட்டுமாம். கேட்க அழகாகத்தான் இருந்தது. எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பு இன்றுவரை போகவில்லை. அவர் செத்து இரண்டு வருடமாகிவிட்டது.

வாக்களிக்கும் முன் தவராஜாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மொழிபெயர்த்தது நான். கேள்வி கேட்டவர் நீல்ஸ். சட்டம் படித்தவர், எதையும் நறுக்கென்று கேட்பார்.

எப்போது கல்யாணப் பதிவு நடந்தது என்று கேட்டார்.

"எழுத்து எழுதினது நான் நாட்டை விட்டு வெளிக்கிட முதற்கிழமை," என்றான் தவராஜா. "பரமேஸ்வரி எனக்கு மச்சாள். மாமாவின்ர மகள்."

அதை அப்படியே சொன்னேன். புறப்பட ஒரு கிழமை முன்னம் பதிந்தது, பெண் இவருடைய மாமனின் மகள். மகள் எத்தனை வயது என்று கேட்டார்கள். பதிவுக்கு மூன்று வருடம் முன்னமே பிறந்த பிள்ளை. அதையும் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் இதில் ஒரு புதினமும் இல்லை. மச்சாளைக் கட்டுவதுதான் உரிமை. கோயிலில் தாலி கட்டினால் கல்யாணம் முடிந்தது. எழுத்து என்பது கடுதாசி தேவைப்படும்போது செய்கிற காரியம். அந்த மேசையைச் சுற்றியிருந்தவர்களுக்கு இது தெரியாது, விசாவுக்காகச் செய்த கல்யாணம் என்றுதான் நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு முகமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீல்ஸ் பேனாவை மூடிவைத்தார்.

தவராஜாவும் முகங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

"அண்ணை, வடிவா விளங்கப்படுத்துங்கோ. தாலி கட்டினது எண்பத்திரண்டில. ஊரே வந்து சாப்பிட்டது எண்டு சொல்லுங்கோ."

நான் அவர்கள் பக்கம் திரும்பி, "உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்கிறார்," என்றேன். அன்று நான் மாற்றிச் சொன்னது அந்த ஒரு வசனம்தான். அதுவும் மரியாதையான வசனம்.

பிறகு அவர்கள் எழுந்து, ஒருவர் பின் ஒருவராக அவளுக்கு முன்னால் போய்ப் பெட்டிக்குள் கையை விட்டார்கள். வழக்கப்படி எல்லோரும் ஒரு சின்னக் கிளாஸ் ஸ்னாப்ஸ் சாராயம் குடித்தார்கள். வழக்கப்படி நான் பெட்டியைச் சாப்பாட்டு மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். தலைவர் அங்கே பெட்டியைத் திறந்தார். வெள்ளைகளுக்கு நடுவில் ஒரு கறுப்பு. எல்லோரும் நீல்ஸைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். தவராஜா கதவடியில் நின்றான். அவனுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து கிளப் தொலைபேசியில் அவன் மனைவியோடு கதைக்க நான்தான் ஒழுங்கு செய்து கொடுத்தேன். யாழ்ப்பாணத்துக்கு லைன் இல்லை. பரமேஸ்வரி மகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வவுனியாவுக்கு வந்து, ஒரு கடையில் காத்திருப்பாள். இங்கிருந்து எடுக்க வேண்டும். அந்த வருடம் ஐப்பசியில் ஒருநாள் தவராஜா திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தான்.

"கடைக்காரர் சொல்லுறார், பஸ் இன்னும் வரேல்லையாம் அண்ணை."

"வரும். இருந்து தேத்தண்ணியைக் குடி," என்றேன்.

பஸ் கண்ணிவெடியில் அகப்பட்டிருந்தது. தாயும் பிள்ளையும் ஒரே இருக்கையில் இருந்தார்களாம்.

தவராஜா இப்போது சில்க்போர்க்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். ஒவ்வொரு வருடமும் திவசத்துக்கு என்னைக் கூப்பிடுவான். வந்தவர்களுக்கெல்லாம், "அண்டைக்கு எனக்காகக் கதைச்சது இரத்தினம் அண்ணை ஒராள்தான்," என்று சொல்லி, என் இலையில் தன் கையால் சோறு போடுவான். நான் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வருவேன். மறுத்தால் அவன் மனம் நோகும்.

இனி விமலராணி கேட்ட விஷயம். அட்வொகாட் நீல்ஸ் கறுப்பு போடவில்லை. ஒருவருமே போடவில்லை. படஅறைக்கும் மண்டபத்துக்கும் இடையில் கோட்டுகள் தொங்கவிடும் ஒரு ஒடுக்கமான நடை இருக்கிறது. அந்த நடையில் பெட்டியின் பின்பக்க இழுப்பறையை நான் திறந்து பார்த்தேன். பித்தளைப் பூட்டை மினுக்குகிறவன் நான், திறப்பும் என்னிடம்தான். இவ்வளவையும் கேட்ட பிறகும், முகம் சுருங்கிய பிறகும், அத்தனை பேரும் வெள்ளைதான் போட்டிருந்தார்கள். நான் எதிர்பார்க்கவில்லை. டெனிஷ்காரர்மேல் எனக்கு இருந்த மதிப்பு அன்று கூடியது என்றே சொல்லுவேன். ஒரு வெள்ளையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மிச்ச உருண்டைகளிலிருந்து ஒரு கறுப்பை வைத்து மூடினேன். வைத்தது இந்தக் கைதான். நீல்ஸின் பெயரை மலரிலிருந்து எடுத்துவிடுங்கள். இருக்க வேண்டியது என் பெயர்.

அந்த வெள்ளை உருண்டை என் வீட்டில் இருக்கிறது. படம் அதே சுவரில் இருக்கிறது. மழைநாளில் யன்னல் வெளிச்சம் மங்கும்போது அவளைப் பார்க்க வேண்டும்; அந்த விரல்களைப் பார்த்து இன்றும் எனக்குக் கண் கலங்கும். இதை வாசித்தபிறகு என்னைக் கல்நெஞ்சன் என்று சொல்லுவீர்கள். கல்நெஞ்சனாக இருந்திருந்தால், பிள்ளையோடு காத்துக்கொண்டு நிற்கிற ஒரு பெண்ணை எப்படியோ போகட்டும் என்று அன்றைக்கே கைவிட்டிருப்பேன்.