அடைத்த வாய்கள்

— தோள்பட்டை கழண்டு கையில வந்துடும் போல இருக்குடா தம்பி. ஆனா சம்மட்டியைக் கேக்காதே. தரமாட்டேன்.

— வலிச்சா ஓரமாப் போய் உக்காருக்கா. இடிக்கிற செவுத்துலயே சாஞ்சு உக்காந்தா எப்படி? மெஷின்காரன் வாசல்ல உறுமிக்கிட்டு நிக்கிறான்.

— உறுமட்டும். தொண்டை கட்டினா தானா நிறுத்துவான்.

— மேஸ்திரின்னு ஒருத்தன் நிக்கிறேன், ஒரு மரியாதை வேணாமா? இந்தப் பாட்டு மண்டபம் இன்னிக்குத் தரைமட்டம் ஆகணும்னு முதலாளி சொல்லிட்டார். எய்தவன் இருக்க அம்பை ஏன் நோவுறே?

— அம்புக்குக் கண்ணு கிடையாது. உனக்கு ரெண்டு இருக்கே. இங்க வந்து பாரு, நான் பூச்சைக் கொத்தின இடத்தை.

— என்ன இது... பானையா? செவுத்துக்குள்ள எவன் பானை வச்சான்?

— கட்டினவன். படுக்கவச்சு, வாயைச் சபைப் பக்கம் திருப்பி வச்சிருக்கான். ஒண்ணு பெரிசு, ஒண்ணு சிறுசு, உச்சி வரைக்கும் போகுது. அடைப்பை நோண்டி எடுத்துட்டு 'ஓ'ன்னு ஒரு குரல் குடுத்தேன். அந்தக் கோடியில செங்கல் அடுக்கிட்டிருந்தவ, யாரோ காதுல கத்தின மாதிரித் திரும்பினா.

— உனக்கெப்படித் தெரிஞ்சுது?

— தேனீ சொல்லுச்சு. கடைசி வரிசையில உக்காந்து சோத்துல கை வைக்கிறேன், காதுகிட்ட ரீங்காரம். விரட்டுறேன், ஒரு ஈயைக்கூடக் காணோம். பார்த்தா அத்தனை தூரத்துல, மேடைக்கு மேல உச்சிப் பானைக்குள்ள கூடு. அன்னிக்கு இந்தச் செவுத்தைப் பூசறப்ப நீ அடைக்காம விட்ட வாய் அது ஒண்ணுதான். ஏன் அடைக்கலைன்னு ஞாபகம் இருக்கா?

— ...கொட்டிச்சு. சாரத்துலேர்ந்து குதிச்சு ஓடிட்டேன்.

— கொட்டத் தெரியாத வாயெல்லாம் மாட்டிக்கிச்சு.

— பூசச் சொன்னாங்க, பூசினேன். ஓட்டையைப் பார்த்தா அடைக்காத கொத்தனார் உலகத்துல உண்டா? அப்பா அப்படித்தானே பழக்கினாரு. கலவையைச் சுமந்து குடுத்தது நீதானே!

— ஆமா, சுமந்தேன். அதான் நகரமாட்டேங்கறேன். நாம பூசிட்டுப் போன கையோட, ஒரு பொண்ணு இந்த மேடையில ஏறிப் பாடினா. முன்வரிசைக்கு அந்தப்பக்கம் கேக்கல. 'தொண்டை செத்தவளே, இறங்கு'ன்னு விசிலடிச்சானுங்க.

— அக்கா, அந்தப் பேச்சு வேணாம்.

— வேணும். செவிடானது செவுரு, பழி அவ தொண்டை மேல. அன்னிக்கு மூடினவதான், பெத்த புள்ளைக்குத் தாலாட்டக்கூட வாய் திறக்கல.

— மெஷினை நிறுத்தினா முதலாளி என்னைத் தூக்கிக் கடாசிடுவார்.

— கடாசட்டும். நானும் கூட வந்து விழறேன். உளியை எடு, அடைச்ச கையாலேயே ஒவ்வொண்ணாத் திற. அவளைக் கூட்டிட்டு வா. இந்த மேடையில நின்னு ஒரு பாட்டுப் பாடட்டும். அப்புறம் இடி. அதுக்கு முன்னால இடிக்கணும்னா என்னையும் சேர்த்து இடி.

— வரமாட்டாக்கா. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவளைக் கூப்பிடுவேன்?

— புருஷன் மூஞ்சியை வச்சுக்கிட்டு. 'தொண்டை செத்தவளைக் கட்டிக்கிட்டு வாழ்க்கை குடுத்தேன்'னு டீக்கடையில மார்தட்டுறியே, நீ எதையும் குடுக்கலடா. அவளுக்கு ஒரு குரல் கடன்பட்டிருக்கே, அதை இன்னும் தீர்க்கல.