மழையில் நனையாத காலணி

குழாய் வேலைக்காரனுக்கு நல்ல நாள் என்றால், ஒருவரும் அவனை நினைக்காத நாள். தண்ணீர் வந்துகொண்டிருக்கும்வரை, அதைக் கொண்டுவந்தவன் பெயர் யாருக்கு வேண்டும்? இந்த நகரசபையில் நானும் அப்படித்தான் இருந்தேன், ஐயா. கோஸ்மாஸை விட்டுவிடுங்கள். அவன் வண்டி ஓட்டுகிறவன். அன்று கழிவுநீர் அடைப்பை எடுத்தது அவன் கைதான். ஆனால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. குற்றமில்லாதவன் கம்பிக்குப் பின்னால் இருப்பதற்கு என் மனசு ஒப்பவில்லை.

என்னோடு குழாய் வேலை பார்த்த ஜைரோஸ் எனக்குச் சாவீரா. நீங்கள் தெற்கிலிருந்து வந்தவர், அதனால் சொல்கிறேன். சாவீரா என்றால் இரத்த உறவு இல்லை, அதைவிட நெருக்கம். நம் தவறை முகத்துக்கு நேரே சொல்லிக் கேலி செய்ய அவனுக்கு உரிமை உண்டு. நாம் கோபித்துக்கொள்ளக் கூடாது. வெளியே போய் அவனும் சொல்லக் கூடாது. நாம் செத்தால் அடக்கத்தை முன்னின்று நடத்தி, நம்மைப் போல நடித்துக் காட்டி அழுகிறவர்களைச் சிரிக்க வைக்கிறவனும் அவன்தான்.

போன மழைக்காலத்தில் நான்காம் தெருவில் மூன்று பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் இறந்தார்கள். மாம்பழம் என்றார்கள், ஈ என்றார்கள். ஜைரோஸ் மட்டும் அந்தத் தெருச் சாக்கடைக் குழிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, சோளக்களி சாப்பிடும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏண்டா எஃபியாஸ், பாறையப் பாத்துப் பயந்துட்டு, குடிக்கிற தண்ணிக் குழாயப் பீக்குழிக்குள்ள விட்டு எடுத்திருக்கியே. உன்னக் கட்டிக்கிட்டவ என்ன பாவம் பண்ணாளோ."

உண்மைதான். அங்கே பாறை. சுற்றிக் கொண்டுபோக இன்னும் மூன்று நாள் தோண்ட வேண்டும். அந்த வாரமே திறப்பு விழா. குழிக்குள் விட்டு ஒரு மூட்டுப் போட்டு முடித்தேன். தண்ணீர் ஓடும்போது அதனால் தொல்லை இல்லை. நிறுத்துகிற நாட்களில்தான் காலிக் குழாய் மூட்டு வழியாக வெளியில் இருப்பதை உள்ளே உறிஞ்சும். நகரசபை தினமும் தண்ணீர் விட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

அவன் திட்டவில்லை. "நீயே நகரசபையில போய்ச் சொல்லு. நான் கூட வரேன். கிடைக்கிற திட்டுல பாதி எனக்கு" என்றான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், "இந்த வாரம் போவோமா?" என்று கேட்பான். அடுத்த வாரம் என்பேன். தன் சாப்பாட்டில் பாதியை என் தட்டுக்குத் தள்ளுவான். அவன் கோபித்திருந்தால் நானும் கோபித்துக்கொண்டு விலகியிருப்பேன். அன்பாக இருக்கிறவனிடமிருந்து எந்த வழியாகப் போவது? குடியிருந்தது நகரசபை வீடு. வேலை போனால் வீடும் போகும். காலையில் அவனோடு வண்டியில் ஏறினால் மாலைவரை இறங்க முடியாது. எனக்கு மூச்சு முட்டியது, ஐயா.

கடைசியில் அவனே ஒரு நாள் குறித்தான். திங்கட்கிழமை. "அதுவரைக்கும் பிள்ளைங்க குடிக்கணுமே. மூட்டுல ரப்பர் சுத்தி வைக்கிறேன்" என்று சனிக்கிழமை காலை குழியில் இறங்கினான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குழியில் இறங்குகிறவன் தன் காலணியைக் குழி ஓரத்தில் கழற்றி வைத்து, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போவான். மேல்குழியில் கழிவுநீரை அடைத்து நிற்கிறவன் அறுபது அடி தள்ளி இருப்பான். மழை இரைச்சலில் குரல் கேட்காது. காலணி இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். காலணி இல்லையென்றால் ஏறிவிட்டான், அடைப்பை எடுக்கலாம்.

மழை பிடித்துக்கொண்டது. ஜைரோஸ் அந்தக் காலணியை ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் போடுவான். நனையக் கூடாதே என்று எடுத்தேன். மனிதன் மனிதனுக்குச் செய்கிற சின்ன உதவிதான். குழிப் பக்கத்தில் நின்ற வண்டிக்குள் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். மேல்குழியிலிருந்து கோஸ்மாஸ் கையை உயர்த்தி, எடுக்கட்டுமா என்று கேட்டான். நான் தலையாட்டவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காலையெல்லாம் தேங்கிய மேட்டுத்தெருக் கழிவு முழுக்க ஜைரோஸ் இருந்த குழிக்கு வந்தது. குழிக்குள்ளிருந்து ஒரு தரம் என் பெயர் கேட்டது. நான் கண்ணாடியை ஏற்றினேன்.

அடக்கத்தை நான்தான் நடத்தினேன். வேறு யாருக்கு உரிமை? அவன் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு குழியில் இறங்குகிற மாதிரி நடித்துக் காட்டினேன். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவன் மனைவி எஸ்நாத் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இருக்கீங்க, அது போதும்" என்றாள். அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. திங்கட்கிழமை வந்தது, யாரும் எங்கேயும் கூப்பிடவில்லை.

ரப்பர் சுற்றி முடித்தானா என்று கேட்கிறீர்கள். இல்லை. அது அவன் கையில் சுருளாகவே இருந்தது. நேற்று நான்காம் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகளைத் தூக்கிப் போனார்களாம். உங்கள் காவலர்தான் சொன்னார். பாவம்.

காலணியை எடுத்தேன், தெரிந்தே எடுத்தேன், ஜைரோஸைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் குழாயைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம், ஐயா. நான் போட்ட மூட்டு ஒழுகியது என்று இந்த ஊரில் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.