பிழையில்லாத மெயில்

எங்கள் ஊரான பெருநகரிலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைக்கிற நாளில் நான் பொய் சொல்வதில்லை. இன்று கிடைத்தது. அதனால் நீங்கள் தைரியமாக எழுதிக்கொள்ளலாம், சப்-இன்ஸ்பெக்டர் அம்மா.

என் பெயர் வேதகிரி. நிலத்தை மகன் பார்த்துக்கொள்கிறான். காலை பஸ் பிடித்து உத்திரமேரூர் பஜாருக்கு வந்து, நசுருதீன் பாயின் பிளாஸ்டிக் சாமான் கடையில் குடங்களுக்கு நடுவே உட்காருவதுதான் எனக்கு உத்தியோகம். நான் கதை சொல்வேன். அவர் கேட்பார். செய்யாற்று வெள்ளத்தில் போன என் எருமை, திருமுக்கூடலில் கரையேறி, பெருமாளைச் சேவித்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்ததை வீட்டில் சொன்னால் மருமகள் டிவி சத்தத்தைக் கூட்டுவாள். பாய் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"டிக்கெட்டு எடுத்துச்சா, இல்ல கண்டக்டரு சும்மா வுட்டுட்டானா?"

நிஜமா என்று மட்டும் அவர் கேட்டதே கிடையாது. அப்படி ஒரு காது உலகத்தில் எத்தனை பேருக்கு அமையும், சொல்லுங்கள்.

ஒருநாள் அவர் போனில் ஒரு மெயில். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் அவர் சேர்த்த பரிசுப் புள்ளிகள் இன்றோடு காலாவதியாம், உடனே லிங்கை அமுக்கி பாஸ்வேர்டு போட வேண்டுமாம். பேங்க்காரர்கள் நடத்திய கூட்டத்துக்கு நான் சமோசாவுக்காகப் போயிருந்தேன். சமோசாவோடு கொஞ்சம் விஷயமும் உள்ளே போயிருந்தது.

"பாய், கைய எடு. அனுப்புனவன் அட்ரஸப் பாரு, பூனை கீபோர்டுல நடந்தாப்பல கீது. இன்னாத்துக்கு இவ்ளோ அவசரம்? பாஸ்வேர்டு வேற கேக்குறான். புள்ளி வேணும்னா நீயா ஆப்பத் தொறந்து பாரு, அவன் குடுத்த லிங்குல போவாத."

பார்த்தார். அவர் கணக்கில் அப்படி ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து பஜாரே போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தது. நானும் பல பேரைக் காப்பாற்றினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பாயின் மனைவி தாஜுன்னிசா இறந்து நாளாகிறது. ஒரே மகள் ஷப்ரீன் மஸ்கட்டில் இருக்கிறாள். தலைப்பிரசவம். பக்கத்தில் இருக்க அம்மா இல்லை, அத்தாவாவது வரட்டும் என்று, தான் பறந்து பறந்து சேர்த்த விமானப் புள்ளிகளை அவர் பெயருக்கு மாற்றிவிட்டாள். அதில் டிக்கெட். வந்தால் கடையை மூடிவிட்டு அங்கேயே தங்கிவிட வேண்டும் என்பதும் பேச்சு. பாய் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

விமானக் கம்பெனி மெயில் வந்தது. புள்ளிகள் சேர்ந்துவிட்டன, மாதக் கடைசிக்குள் பயன்படுத்துங்கள் என்று. அட்ரஸ் சரி. பெயர் சரி. லிங்க் இல்லை. எங்கள் ஆப்பில் நீங்களே பாருங்கள், ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று புத்திமதி வேறு. நான் அதை நிதானமாக இரண்டு தடவை படித்தேன்.

"வேதகிரி, இது நெசமா?" என்றார் பாய்.

"ஒரு தப்புகூட இல்ல, பாத்தியா? அதான் டேஞ்சரு. திருடனே வந்து கதவத் தாப்பா போட்டுக்கோன்னா, யாருக்கு சந்தேகம் வரும்?"

அழித்துவிட்டார். புள்ளிகளும் மாதக் கடைசியில் காலாவதியாகிப் போய்ச் சேர்ந்தன.

ஷப்ரீன் போனில் அழுதாள். "இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல குரலையே செஞ்சிட்றானுங்க பாய்" என்றேன். பாய் பாவம், சோதித்துப் பார்க்கிறேன் என்று, அவள் சின்ன வயதில் வளர்த்த ஆட்டின் பெயரைக் கேட்டார். டக்கென்று அம்முலு என்றாள். "அந்த ஆட்டு போட்டோவ பேரோட ஃபேஸ்புக்குல போட்டது யாரு? நீதான?" என்று பாயைக் கேட்டேன். அந்த நம்பரை பிளாக் செய்ய அவருக்குத் தெரியவில்லை. நான் செய்து கொடுத்தேன்.

அவள் எனக்கும் கூப்பிட்டாள். "பெரியப்பா, அத்தாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா? ஆஸ்பத்திரில சேந்துட்டேன். ஒரு தபா பேசச் சொல்லுங்க."

"நல்லாத்தான் கீறாரும்மா. டவருதான் பேஜார் பண்ணுது" என்றேன். அன்று பாய்க்கு எருமைக் கதையை மறுபடி சொன்னேன். நன்றாக வந்தது.

நேற்று ஆட்டோவில் வந்து இறங்கினாள். தோளில் குழந்தை. கடை வாசலில் நின்று, "அத்தா" என்றாள். பாய் எழுந்தார். கை தானாக நீண்டது. பிறகு அதை இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வேதகிரி, இது நெசமா?"

எவ்வளவு நம்பிக்கை பாருங்கள். எனக்கே கண் கலங்கியது.

"அவசரப்படாத பாய். சாயங்காலமா பாத்துக்கலாம், ஒக்காரு" என்றேன்.

உட்கார்ந்துவிட்டார். குழந்தை அழுதது. அந்தப் பெண் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். ஆனால் உங்கள் சுவரில் ஒட்டியிருக்கிற ஆன்லைன் மோசடி நோட்டீஸை இப்போது முழுக்கப் படித்தேன். நான் லிங்க் அனுப்பவில்லை. ஓடிபி கேட்கவில்லை. யாரையும் அவசரப்படுத்தவும் இல்லை. சீக்கிரம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடுங்கள் அம்மா. பாய் கடையில் தனியாக இருப்பார். யாராவது வந்து ஏமாற்றினால், என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?