டிலானியின் இரண்டாவது படம்

தேத்தண்ணியைக் குடியுங்கள், சேர், ஆறிவிடும். அந்தப் பிள்ளையைப் பற்றி நீங்கள் எழுதி வந்து வாசித்துக் காட்டியதெல்லாம் சரி. ஓர் இடம் மட்டும் பிழை. "எக்ஸ்ரே பார்க்கும் பயிற்சி இல்லாததால் நேர்ந்த தவறு" என்று இரக்கப்பட்டு முடித்திருக்கிறீர்கள். அதை வெட்டுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

தெரணியகலைக்கு மேலே இந்த ரப்பர் தோட்டத்து டிஸ்பென்சரியில், மீசை கறுப்பாக இருந்த காலம் முதல் மருந்து கொடுக்கிற ஐயா நான்தான். இந்தச் சனத்துக்கு வைத்தியம் பார்ப்பது செவிடன் காதில் சங்கு ஊதுகிற வேலை. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு என்றால், சாப்பாடு இல்லாத நாளில் மாத்திரையும் போட மாட்டார்கள். அப்படிப்பட்ட அறிவு.

லூர்தம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். ரப்பர் பால் வெட்டுகிறவள். புருஷன் செத்துவிட்டான், ஒரே மகள் டிலானி. போன வருடம் பிள்ளை பள்ளிக்கூடத்தில் விழுந்து, டவுனில் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்து, படத்தை என்னிடம் கொண்டுவந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எலும்பில் ஒரு கறுப்புப் பொட்டு. கேன்சர் மாதிரி இருக்கிறது என்றேன். லயத்து வீட்டுச் சனமே கூடி ஒப்பாரி வைத்தது.

கேகாலையில் ஓர் எலும்பு டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தாராம். 'பய வென்ன எப்பா', பயப்படாதே, என்று சிங்களத்தில் அவளைத் தேற்றி, பிள்ளை வளர வளர அதுவே மறைந்துபோகும், தொடவே கூடாது என்று அனுப்பிவிட்டாராம். அதை அவள் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். அன்றிலிருந்து எனக்குப் பெயர் கேன்சர் ஐயா. காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு நிற்கிற கூட்டம் என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொள்ளும். சம்பளத் துண்டை வாசிக்க ஆள் தேடுகிறவர்கள், சேர்.

அதற்குப் பிறகு நான் படித்தேன். அந்த டாக்டர் படித்ததைத்தான் நானும் படித்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. நல்ல பொட்டுக்கு ஓரம் இருக்கும். ரப்பர் மரத்தில் பழைய வெட்டு ஆறிப் பட்டை மூடிய தழும்பு மாதிரி, சுற்றிவர வெள்ளைக் கோடு. எலும்பின் வெளிச்சுவர் உடையாமல் நிற்கும். கெட்டதற்கு ஓரமே கிடையாது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. சுவரைத் தின்றுவிட்டு நிழல் சதைக்குள் இறங்கியிருக்கும்.

இந்த வருடம் தைப்பொங்கல் கழிந்து லூர்தம்மா மறுபடி வந்தாள். தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். இங்கே ஒருவர் மனதை நோகடித்தால் வெற்றிலை வைத்துத்தான் பேச வேண்டும். பக்கத்திலேயே புது எக்ஸ்ரே உறை.

"போன தரம் ஒங்கள நோகடிச்சுப்புட்டேங்க ஐயா. இந்தத் தரம் ஒங்ககிட்ட காட்டாம எங்கயும் போகக்கூடாதுன்னு வந்தேங்க. மத்தக் காலு, முழங்காலுக்கு மேல வீங்கியிருக்கு. நோவுல ராத்திரிக்குத் தூங்க மாட்டேங்குது புள்ள."

படத்தை அதே ஜன்னலில் பிடித்தேன். ஓரம் இல்லை. சுவரும் இல்லை.

"ஒன்னுமில்ல லூர்தம்மா. வளர வளர அதுவே மறைஞ்சுபோகும். தொடவே கூடாது" என்றேன்.

"கேகாலைக்கு ஒருக்கா கொண்டுபோகவாங்க ஐயா?"

"அங்கயும் இதத்தான் சொல்லுவாங்க. போன தரம் நீதானே வந்து சொன்ன?"

கையெடுத்துக் கும்பிட்டாள். மாதாவே மாதாவே என்று அழுதாள், சந்தோஷத்தில்தான். வாழைப்பழம் நல்ல கனிவு, அன்று மத்தியானமே சாப்பிட்டேன்.

வீக்கம் பெருத்தபோதும் என்னிடம்தான் வந்தாள். பூசத் தைலம் கொடுத்தேன். கடைசியில் பிள்ளையால் காலை ஊன்ற முடியாமல் போய், பள்ளிக்கூட டீச்சர் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நோய் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. நோயை நான் கொடுக்கவில்லை, சேர். டாக்டர் சொல்லைத்தான் அவள் நம்பினாள். அந்தச் சொல்லைத்தான் ஓர் எழுத்துக் குறையாமல் கொடுத்தேன். இதில் என் பங்கு என்ன?

இதை நான் சொல்லாமலே இருந்திருப்பேன். இழவு வீட்டுக்குப் போனேன், போகாவிட்டால் நன்றாக இருக்காது. பெட்டிக்குப் பக்கத்திலிருந்து லூர்தம்மா எழுந்து வந்தாள். தோட்டமே பார்த்துக்கொண்டு நின்றது. திட்டுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மனசுல வெச்சுக்காதீங்க ஐயா. பாவம், ஒங்களுக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்?"

கூட்டம் ஆமாம் என்று தலையாட்டியது. இப்போது நீங்களும் அதையே எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

வெட்டுங்கள், சேர். படத்தைப் பார்த்த உடனேயே எனக்குத் தெரியும்.