முகம் சுளித்த சம்பந்தி

— பெட்டியக் கீழ வைக்காதீங்க, மீன் தண்ணி ஓடுது. அந்த ஸ்டூல் மேல வைங்க. என்ன அது, பேரிக்காயா?

— ஆமாங்க சம்பந்தியம்மா. எங்க தேஜோன் பக்கத்துப் பழம். மன்னிக்கணும், கடை திறக்கிற நேரமா வந்து நின்னுட்டேன்.

— இன்னும் சம்பந்தியாகலையே, தேஜோன்காரரே. கல்யாணம் நடந்தாத்தானே அந்தப் பேச்சு? கடைக்காரம்மான்னே கூப்பிடுங்க. மோக்போ மார்க்கெட்ல புளிச்ச திருக்கை மீன் விக்கிறவ. அதானே நான்?

— அப்படிச் சொல்லாதீங்க.

— வேற எப்படிச் சொல்ல? ரெண்டு குடும்பமும் நேத்துதான் முதல் தடவையா ஒரு மேசையில உக்காந்துச்சு. ஓட்டல்காரன்கிட்டக் கெஞ்சிக் கூத்தாடி, நானே புளிக்க வெச்ச திருக்கையக் கொண்டு போனேன். அது இல்லாத விருந்த எங்க ஊர்ல விருந்துன்னே சொல்ல மாட்டாங்க. உங்க தட்டுல ஒரு துண்டு வெச்சேன். நீங்க என்ன பண்ணீங்க? உங்க வாயாலயே சொல்லுங்க பாப்போம்.

— வாயில போட்டேன்.

— போட்டு?

— துப்பிட்டேன்.

— துப்பினது மட்டுமா? எட்டிக்காயக் கடிச்ச மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு, கைக்குட்டையால பொத்திக்கிட்டு, விருட்டுனு எழுந்து வெளிய போனீங்க. திரும்பி வந்து எதையுமே தொடல. என் அண்ணனுங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்தாங்க. எனக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு.

— வந்து... நாத்தத்துக்காக இல்லைங்க.

— நாத்தம்னு நான் சொல்லவே இல்லையே! நீங்கதான் இப்ப சொல்றீங்க.

— ஐயோ, மன்னிக்கணும்.

— சரி, மீனு புடிக்கல. மனுஷியுமா புடிக்கல? உங்க இடது பக்கம்தான் உக்காந்திருந்தேன். அத்தனை நேரம் பேசினேனே, ஒரு தடவை தலையத் திருப்பிப் பாத்தீங்களா? செவுத்தப் பாத்துக்கிட்டே 'ம்', 'ம்'. இப்பவும் பாருங்க, விறைச்ச கருவாடு மாதிரி உடம்போட திரும்புறீங்க. அப்படி என்ன கழுத்து அது, வளையாத கழுத்து?

— வலிக்குதுங்க.

— எனக்கும்தான் வலிச்சுது. புருஷன் போனப்புறம் இந்தத் திருக்கைய வித்துத்தான் மு-யோலுங்கற என் பையனப் படிக்க வெச்சேன். பஸ்ல என் பக்கத்து சீட்டு காலியாவே இருக்கும், தெரியுமா? அதெல்லாம் பழகிப்போச்சு. சொந்தமாகப் போறவங்களும் அப்படியே பண்ணினா? அதான் பையன்கிட்டச் சொல்லிட்டேன், மண்டபத்த வேணாம்னு சொல்லிடுடான்னு. நேத்துலேருந்து அவன் என் மூஞ்சியிலயே முழிக்கல.

— நிறுத்திடாதீங்க. அதுக்காகத்தான் முதல் ரயில் புடிச்சு ஓடி வந்தேன். எனக்கு... வந்து... ஒரு சீக்கு இருக்குங்க.

— சீக்கா? தொத்துறதா?

— இல்ல, இல்ல. எலும்பு. காதுக்குக் கீழ எல்லாருக்குமே ஊசி மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்குமாம். எனக்கு இடது பக்கம் அது வளந்து, தொண்டைக்கிட்ட இறங்கியிருக்கு. முழுங்கினா குத்துது. கொட்டாவி விட்டா குத்துது. மென்னா தாடையெல்லாம் கொதிக்குது. இடது பக்கம் தலையத் திருப்பினா காது வரைக்கும் மின்னல் அடிக்குது.

— தொண்டையில மீன் முள்ளு மாட்டின மாதிரியா?

— அதேதான். ஆனா இந்த முள்ளு எந்தச் சோத்து உருண்டைக்கும் இறங்காது.

— இப்படி ஒண்ண நான் கேள்விப்பட்டதே இல்லையே.

— டாக்டருங்களே பாதிப் பேர் கேள்விப்படல. பல்லுன்னாரு ஒருத்தர், நல்ல பல்லு ரெண்டப் புடுங்கினாரு. தொண்டைக்குள்ள கேமரா விட்டுப் பாத்துட்டு ஒண்ணுமே இல்லைன்னாரு இன்னொருத்தர். பொண்டாட்டி செத்த துக்கம், வலி மனசுலதான் இருக்குன்னு மாத்திரை குடுத்தாரு மூணாவது ஆளு. அதையும் தின்னேன். நான் டவுன் பஸ் ஓட்டினவன். கண்ணாடியப் பாக்கத் திரும்ப முடியாம, டிப்போவுல உக்கார வேலை கேட்டு வாங்கினேன். 'வலி நடிகர் வர்றாரு'ம்பாங்க பசங்க. நானே ஒரு கட்டத்துல நம்பிட்டேன், நடிக்கிறேனோன்னு.

— அப்புறம் எப்படித்தான் தெரிஞ்சுது?

— கடைசியில ஒரு டாக்டரம்மா வாய்க்குள்ள விரல விட்டு ஓரத்துல அழுத்தினாங்க. நாற்காலியோட எகிறிட்டேன். 'நீங்க சொல்றது அத்தனையும் நிஜம்'னாங்க. அங்கயே அழுதுட்டேங்க. அசிங்கம்.

— இந்தாங்க, பார்லித் தண்ணி. சூடாத்தான் இருக்கு. சூடு ஆகுமில்ல?

— வெதுவெதுன்னு இருந்தா இறங்கும். நீங்க வந்து... கொஞ்சம் அந்தப் பக்கம் பாத்துக்கிறீங்களா? முழுங்கறப்ப என் மூஞ்சி ஒரு மாதிரி ஆகும்.

— பாக்கல, பாக்கல. மெதுவாக் குடிங்க. இத ஒரு வார்த்தை நேத்தே சொல்லியிருந்தா என்ன?

— பொண்ணக் குடுக்கற மேசையில உக்காந்துக்கிட்டு, அப்பன் சீக்காளின்னு எப்படிங்க சொல்றது? ஊர்ல ஏற்கனவே மனக்கோளாறுன்னு ஒரு பேச்சு. அது என் பொண்ணு யோவுலுக்கும் ஒட்டிக்கும்னு நீங்க நினைச்சுட்டா? திமிர் புடிச்ச கிழவன்னு நினைச்சுட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன். அப்பனோட திமிருக்காகப் பொண்ண யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்கன்னு பாத்தேன்.

— நான் சொன்னேனே!

— ஆமா. அதான் பயந்துட்டேன்.

— யோவுலுக்குத் தெரியாதா?

— பல்லு கட்டல, அவ்வளவுதான்னு சொல்லி வெச்சிருக்கேன். நம்பிட்டா. அவ வேலைக்குப் போனப்புறம் அடுப்பாங்கரையில செவுத்தப் பாத்து உக்காந்து கஞ்சி குடிப்பேன். கடைவாயில ஒழுகும். பெத்த பொண்ணு பாக்கற காட்சியா அது?

— வெட்டி எடுத்துட முடியாதா அத?

— முடியும்னாங்க. கழுத்துப் பக்கம் கீறணுமாம். கொஞ்ச நாளைக்கு வாய் கோணினாலும் கோணலாமாம். கல்யாணம் முடியட்டும்னு தள்ளிப் போட்டிருக்கேன். அவ கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு மண்டபத்துல நடக்கணுமே. கட்டோடயும் கோண வாயோடயும் எப்படி நடக்கறது? என்னங்க, எந்திரிச்சுட்டீங்க? தப்பா ஏதாவது சொல்லிட்டேனா?

— கல்யாணம் நடக்கும், சம்பந்தி.

— சம்பந்தியம்மா!

— ஐயோ, எந்திரிங்க! ஈரத் தரையில மண்டி போடாதீங்க. பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? எந்திரிங்கன்னா!

— மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எந்திரிக்கிறேன்.

— அத மட்டும் கேக்காதீங்க. நீங்க கேக்கக் கேக்க எனக்கு உடம்பெல்லாம் கூசுது.

— உங்களுக்கு எதுக்குங்க கூசணும்?

— முந்தாநாள் யோவுல் போன் பண்ணிச்சு. 'அத்தை, அப்பாவால மெல்ல முடியாது, தொண்டையில என்னமோ வலி, செவுத்தப் பாத்துக்கிட்டுத்தான் சாப்பிடறாரு. அவருக்குக் கஞ்சி மட்டும் வைங்க. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம், கூனிப் போயிடுவாரு'ன்னு சொல்லிச்சு. திருக்கைக்கு மூக்கப் பொத்துறவங்க வழக்கமாச் சொல்ற சாக்குதானே இதுன்னு நினைச்சு, இருந்ததுலயே கெட்டியான எலும்புத் துண்டாத் தேடி எடுத்து உங்க தட்டுல வெச்சவ நான்.