ஸ்டாம்ப் பஸ்

இல்லம்மா, ஜன்னல் ஓரம் என்னோடது. தப்பா எடுத்துக்காத. மூணாவது வரிசை ஜன்னல் யாருதுன்னு டிரைவரைக் கேளு, அவரே சொல்லுவாரு. நீ இப்படி என் பக்கத்துல உக்காரு. பைய மேல வச்சிடு, பாஸ்போர்ட் மட்டும் கையில இருக்கட்டும். ஐயோ, இத எதுக்கு வாங்கற, இது என் மடியிலயே இருக்கட்டும். கனமெல்லாம் ஒண்ணுமில்ல. அட்டைப்பெட்டி, மேல வச்சா நசுங்கிடும்.

முதல் தடவைதானே? பாஸ்போர்ட்ட நீ பிடிச்சிருக்கற பிடியே சொல்லுதே. பயமா இருக்கா? இருக்கும். இந்த ஸ்டாம்ப் பஸ்ல முதல் தடவை ஏறுனவங்க யாரும் சிரிச்சுக்கிட்டு ஏறுனதில்ல. என்னை அக்கான்னே கூப்பிடு, போதும். ஆன்ட்டின்னு மட்டும் சொல்லிடாத, அப்புறம் எல்லை வரைக்கும் பேச மாட்டேன். சும்மா சொன்னேன். பேசாம இருக்க என்னால முடியாது.

உனக்கு டூரிஸ்ட் விசா. வீட்டுக்காரர் இங்க வேலையில இருக்காரு, அவரைப் பாக்க வந்திருக்க. சரியா? அவருக்கு லீவு தரல, அதான் தனியா ஏத்தி விட்டுட்டாரு. எப்படித் தெரியும்னா, கீழ நின்னு ஒரு மனுஷன் கையாட்டிக்கிட்டே இருந்தாரே, பஸ் கிளம்பியும் கைய இறக்கல. நான் முதல்ல ட்ராபிக் போலீஸ்னு நினைச்சேன்.

உனக்கு முதல் தடவை, பஸ்ஸுக்குக் கடைசி தடவை. தெரியாதா உனக்கு? இன்னியோட நிறுத்தறாங்க. அடுத்த மாசத்துலேருந்து எல்லாம் போன்லயே நீட்டிச்சுக்கலாமாம். உக்காந்த இடத்துல பாஸ்போர்ட்ட போட்டோ புடிச்சு அனுப்பினா புதுத் தேதி வந்துடுமாம். ஆமா, வசதிதான். யாரு இல்லைன்னா. கைக்குழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு வெயில்ல பாலத்துல நடந்தவங்களக் கேட்டா கோயில் கட்டிக் கும்பிடுவாங்க. எனக்குத்தான் பிடிக்கல. போன் என்ன, சாப்பிட்டீங்களாக்கான்னு கேக்குமா? முந்தாநாள் டிரைவர் கூப்பிட்டாரு, அக்கா, இதான் கடைசி டிரிப், வர்றீங்களான்னு. வராம இருப்பேனா.

சரி, நீ பயப்படாம கேளு. சுத்திப் பாக்க வந்தவங்களுக்கு இங்க ஒரு தேதி குத்திக் குடுக்கறாங்க. அந்தத் தேதிக்குள்ள நாட்ட விட்டு வெளிய போயிடணும். போயிட்டு அன்னிக்கே திரும்பி வரக்கூடாதுன்னு யாரும் சொல்லல. அதனால பஸ் நம்மள பாலத்துக்கிட்ட இறக்கி விடும். இந்தப் பக்கக் கவுண்டர்ல வெளிய போற ஸ்டாம்ப். பாலத்துல நடந்தா பக்கத்து நாடு. அங்க ஒரு ஸ்டாம்ப், ஒரு டீ, ஒரு பாத்ரூம். அப்புறம் அதே பாலத்துல திரும்பி நடந்து வந்தா இங்க புதுசா ஒரு தேதி குத்துவாங்க. அவ்வளவுதான், நீ மறுபடியும் புது டூரிஸ்ட். பஸ் இந்தப் பக்கமேதான் நிக்கும், விட்டுட்டுப் போயிடுமோன்னு ஓடி வராத.

கவுண்டர்ல கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. எதுக்கு வந்தன்னா, வீட்டுக்காரரைப் பாக்க. எங்க இருக்கன்னா, அட்ரஸ். எப்பத் திரும்பிப் போவன்னா, ரிட்டர்ன் டிக்கெட்ட எடுத்து நீட்டு. பிரிண்ட் வச்சிருக்கல்ல? போன்லயா? சார்ஜ் இருக்கா? அப்ப அத உள்ள வை, வீடியோ பாத்துத் தீத்துடாத. வேலைக்குப் போறியான்னு கேட்டா இல்லைன்னு சொல்லு. நிஜமாவே போகலையே. கேக்காத கதையெல்லாம் சொல்லாத. சிரிக்கவும் சிரிக்காத, அழவும் அழாத. பாஸ்போர்ட் போட்டோவுல மூஞ்சி எப்படி இருக்கோ அப்படியே வச்சுக்கோ, ஆபீசருக்கும் அடையாளம் பாக்க ஈஸியா இருக்கும்.

ஒரே ஒரு கேள்விதான் எல்லாரையும் கவுத்துடும். இங்க என்னென்ன சுத்திப் பாத்தீங்கன்னு கேப்பாங்க. டூரிஸ்ட்டாச்சே, கேக்கத்தானே செய்வாங்க. இந்த பஸ்ல பிஸ்கட் மாமான்னு ஒருத்தர் வந்துட்டிருந்தாரு. தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லாருக்கும் பிஸ்கட் நீட்டுவாரு, அதான் அந்தப் பேரு. மகன் வீட்டுக்கு வந்தவரு. பேரப்பிள்ளைங்கள ஸ்கூல்ல விடுவாரு, கூட்டிட்டு வருவாரு, அதோட சரி. அவரைப் பிடிச்சு இந்தக் கேள்வியக் கேட்டுட்டாங்க. மனுஷன் திருதிருன்னு முழிச்சிட்டு, இந்தப் பாலத்தப் பாத்தேன் சார், ரொம்ப நல்ல பாலம், நாலஞ்சு தடவ பாத்துட்டேன்னாரே பாக்கலாம். ஆபீசருக்குச் சிரிப்ப அடக்க முடியல, ஸ்டாம்ப அடிச்சுத் தள்ளி விட்டுட்டாரு.

அதுலேருந்து நான் உஷாராயிட்டேன். என் ரூம்ல ஒரு பழைய காலண்டர் மாட்டியிருக்கேன். மாசத்துக்கு ஒரு இடமா இந்த நாட்டுல பாக்க வேண்டியதெல்லாம் படம் போட்டது. அருவி, ம்யூசியம், பெரிய ஏரி, கலங்கரை விளக்கம், எல்லாப் பேரும் தலைகீழா மனப்பாடம். ஒண்ணுக்கும் போனதில்ல. உனக்கு ரெண்டு சொல்லித் தரட்டுமா? வேண்டாமா? நிஜமாவே ஏரிக்குப் போனீங்களா? அடேங்கப்பா! படகுல ஏறுனியா? தண்ணி பச்சையாவா இருந்துச்சு? நிஜமாவா? நான் இத்தனை நாளும் அது பிரிண்ட் பண்ணவன் பண்ண கோளாறுன்னு நினைச்சிட்டிருந்தேன்.

பாத்தியா, உனக்கு இப்ப கொஞ்சம் பயம் தெளிஞ்சிடுச்சு. இந்த பஸ்ஸே அப்படித்தான். போறப்ப எல்லாரும் பேசுவாங்க. பயம் வந்தா மனுஷனுக்குப் பேச்சு தானா வரும். மாமியார் சண்டை, குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டுக்காரரோட குறட்டை, ஒண்ணு விடாம பக்கத்து ஸீட்ல கொட்டிடுவாங்க. திரும்பி வர்றப்ப பாக்கணுமே, ஸ்டாம்ப் கிடைச்ச நிம்மதியில அத்தனை பேரும் வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குவாங்க. எனக்கு மட்டும் தூக்கம் வராது. ஜன்னலப் பாத்துக்கிட்டே வருவேன்.

பழகுனவங்க எங்கன்னா? போயிட்டாங்க. பிஸ்கட் மாமா ஊருக்கே போயிட்டாரு. பாக்கிப் பேருக்குக் கார்டு கிடைச்சிடுச்சு. இங்கயே தங்கி வேலை பாக்கறதுக்குக் குடுப்பாங்களே, அந்தக் கார்டு. இந்த பஸ்ல ஒரு பழக்கம் உண்டு. கார்டு வந்தவங்க கடைசியா ஒரு தடவ ஏறி, எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்துட்டு இறங்கிடுவாங்க. நாங்க கைதட்டுவோம். நம்பர் வாங்கிக்குவாங்க, கட்டிப் பிடிச்சுக்குவாங்க, வாரா வாரம் பேசறேன்க்கான்னு சத்தியம் பண்ணுவாங்க. அப்புறம் ஆளும் இல்ல, போனும் இல்ல. குத்தம் சொல்லலம்மா, அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை. டீச்சரம்மான்னு ஒருத்தி, வர்ற வழி பூரா என் தோள்லதான் சாஞ்சு தூங்குவா. போன மாசம் மார்க்கெட்ல எதிர்ல வந்தா. என்னைப் பாத்துட்டு, எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கேன்னு நின்னு யோசிக்கறா. தோள் ஞாபகம் இருக்கா, மூஞ்சிதான் மறந்துச்சான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல.

என் கதையா? அதுல என்ன இருக்கு. நானும் டூரிஸ்ட்டாத்தான் வந்தேன், மகளோட பிரசவத்துக்கு. அவ வேலைக்குத் திரும்பணும், குழந்தைய யாரு பாக்கறது? இன்னும் கொஞ்ச நாள் இரும்மான்னா. அந்தக் கொஞ்ச நாள் இந்த பஸ்ல போயிப் போயி நீண்டுச்சு. அப்புறம் மாப்பிள்ளைக்கு வேற நாட்டுல வேலை கிடைச்சுது. ரொம்ப தூரம், இங்க பகல்னா அங்க ராத்திரி. நாங்க முதல்ல போயி வீடு பாக்கறோம், நீ பின்னாலயே வந்துடும்மான்னாங்க. அங்கயும் எனக்கு டூரிஸ்ட் விசாதான் கேட்டாங்க.

அந்த நாட்டு எம்பசியில குடுக்கலம்மா. ஏன்னு கேளேன். நீங்க திரும்பிப் போறதுக்கு என்ன காரணம் இருக்குன்னு கேட்டாங்க. ஊர்ல வீட்டுக்காரர் இருக்காரா? தவறிட்டாரு. வேலை? இல்ல. வீடு? வாடகை வீடு, காலி பண்ணியாச்சு. வேற பிள்ளைங்க? இவ ஒருத்திதான். அப்படின்னா வந்தா திரும்பிப் போக மாட்டீங்க, அதனால வரவே வேண்டாம்னுட்டாங்க. ஒரு இடத்துக்குப் போகணும்னா, எப்ப வருவன்னு கேக்க இன்னொரு இடத்துல ஆள் இருக்கணுமாம். இல்லாதவங்கள வேடிக்கை பாக்கக்கூட விட மாட்டாங்க. அன்னிக்கு அழுதேன் பாரு, அப்படி எங்க வீட்டுக்காரர் போனப்பக்கூட அழுததில்ல.

ஊருக்குப் போயி யார் வாசல்ல நிக்கறது? இங்கயே ஒரு தையல் கடையில கேட்டேன். முதலாளியம்மா நல்ல மனசு. மேல ஒரு ரூம் இருக்கு, தங்கிக்கோ, கார்டுக்கு நான் எழுதிப் போடறேன், வந்ததும் வேலையில சேந்துக்கோன்னாங்க. அதுவரைக்கும் கைய மடியில வச்சுக்கிட்டு சும்மாவா உக்காந்திருந்தேன்னு கேக்காத, அத விடு. அந்தக் கார்டு ஆபீஸ்ல ஃபைல் நகர்ற வேகம் உலகத்துக்கே தெரியும். அது வர்ற வரைக்கும் இந்த பஸ்தானேன்னு ஏறிட்டிருந்தேன்.

வேலை நல்ல வேலைதான். கடைக்குப் பின்னாடி என் மெஷின், மேல என் படுக்கை. துணி குடுக்க வர்றவங்கள நான் பாக்கறதே இல்ல. முதலாளியம்மா குண்டூசி குத்தி, சாக்பீஸ்ல கோடு போட்டு உள்ள நீட்டிடுவாங்க. அவங்க பாஷை எனக்கு அரைகுறை, என் பாஷை அவங்களுக்குச் சுத்தமா வராது, கோடுதான் எங்களுக்குப் பேச்சு. இடுப்பப் பிடிக்கறதும் பிரிக்கறதுமா இருக்கேனா, இந்த ஊர்ல யாரு குண்டாகறாங்க, யாரு இளைக்கறாங்கன்னு எனக்கு அத்துப்படி. ஒருத்தர் மூஞ்சியும் தெரியாது. நாள் பூரா என் வாய்க்கு இருக்கற ஒரே வேலை நூல் கடிக்கறது. சில நாள் மகளுக்குப் போன் பண்ணா குரலே எழும்பாது, கனைச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிக்கணும். சளியாம்மான்னு கேப்பா. ஆமான்னுடுவேன்.

ஏய், அதோ பாலம். பேசிக்கிட்டே வந்துட்டோம் பாரு. எழுந்திரு. பச்சைத் துணிப்பை வச்சுக்கிட்டு ஒரு அம்மா இறங்கறாங்களே, அவங்க பின்னாடியே போ. அவங்க நிக்கற க்யூவுல நில்லு, அவங்களுக்கு எல்லாம் தெரியும். உன் பை இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்.

நானா? நான் வரலம்மா. நீ போ.

தேதியா? எனக்கு எந்தத் தேதியும் இல்ல. இரு, இரு, போறதுக்கு முன்னாடி வாயத் திற. ஸ்வீட்தான். நசுங்காம கொண்டு வந்துட்டேன் பாத்தியா? ஆமா, கார்டுக்குத்தான். யாருக்கா? எனக்குத்தான், வேற யாருக்கு. அது வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. அன்னிக்கே வாங்கிட்டு வந்து குடுத்திருக்கணும். குடுத்துட்டா, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மறுபடியும் இதுல ஏறுறது, நீயே சொல்லு. இன்னிக்குக் குடுக்கலாம், இனிமே ஏறுறதுக்குத்தான் பஸ்ஸே இல்லையே.

டிரைவருக்குத் தெரியும். எல்லாரும் இறங்குனதுக்கப்புறம் நான் உக்காந்த இடத்துலயே இருக்கறது அவரு கண்ணாடியில தெரியாதா? ஒரு நாள்கூட ஏன்க்கான்னு கேட்டதில்ல, புண்ணியவான். மகளுக்குக் கார்டு விஷயம் மட்டும் தெரியும். கார்டு வந்துடுச்சுன்னு சொன்னதும், அப்பாடா, இனிமே அந்த பஸ்ல நீ அலைய வேண்டாம்மான்னா. இப்ப அவகிட்டப் போகலாமேன்னா கேக்கற? ஆமா, நீ சொல்றது சரிதான், இப்ப எனக்குத் திரும்பி வர வேலை இருக்கு, ரூம் இருக்கு. இப்பக் கேட்டா அந்த நாட்டுலயும் விசா குடுத்துடுவாங்க. கேக்கணுமே. அவ வாம்மான்னு சொல்லல, நானா எப்படிக் கேக்கறது.

அட, கண்ணத் துடை. கவுண்டர்ல அழக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல. போ, க்யூ நீளமாகுது, அந்த அம்மா போயிட்டாங்க பாரு. திரும்பறப்ப ஜன்னல் ஓரம் நீயே உக்காந்துக்கோ. தூங்க மட்டும் தூங்கிடாத, என்ன?