நாற்பத்தொன்றைச் சாயவிட்டவருக்கு

கதிரைக் கண்டதும் கனிந்து, கணக்கைக் கண்டதும் கண்டிப்பாகும் தலைமை அறிஞரே! முப்பத்தோராண்டுகள் பார்லி வயலில் வெயிலென்றும் சேறென்றும் பாராமல் நடந்தவரே! பதவிப் பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராமல், 'அக்கா' என்றால் மட்டும் நின்றவரே!

பசுமைக்குடிலில் நாற்றுத் தட்டுகளுக்கு நடுவே நீங்கள் நின்றிருந்த ஒரு காலை எங்கள் நினைவில் இருக்கிறது. மரபணு ஆய்வகத்துக்காரர் ஒவ்வொரு நாற்றின் இலையிலிருந்தும் பொட்டளவு துண்டை வெட்டியெடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பொட்டிலிருந்து மரபணுக்களைப் படித்து, பயிர் கதிர்விடும் முன்பே அதன் மகசூலைக் கணித்துச் சொல்வது அவர் வேலை. அதனால் நீங்கள் அவருக்கு ஜோசியர் என்று பெயர் வைத்தீர்கள். நிலையம் முழுவதும் அவரை அப்படியே அழைத்தது.

"ஜோசியரே, நான் எப்ப ஓய்வு பெறுவேன்னு உங்க கணினி சொல்லுமா?"

"கையை நீட்டுங்க அக்கா. ஒரு பொட்டு வெட்டிக்கிறேன், சாயங்காலம் சொல்றேன்."

"கிழிச்சீங்க. போன வருஷம் நீங்க முதல் இடம் குடுத்த பயிரை எலிகூட சீண்டல."

"எலிக்கு ருசி தெரியாதுக்கா. அதுக்கும் இலை எடுத்துப் பார்த்தாத்தான் புரியும்."

அன்று மாலை வீடு திரும்பும் பேருந்தில், உட்கார்ந்தபடியே அவர் இறந்துபோனார். நம் விதைக்கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய மனைவி பக்கத்தில்தான் இருந்தார். கணவர் தூங்குகிறார் என்று நினைத்து, இறங்கும் நிறுத்தம் வரை அவர் தலையைத் தம் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார்.

ஜோசியரின் கடைசிக் கணிப்பில் முதலிடம் பிடித்தது நாற்பத்தொன்றாம் எண் பயிர். அதைப் புதிய ரகமாக வெளியிட்டு அவர் பெயரையே சூட்டுவோம் என்று இரங்கல் கூட்டத்தில் இயக்குநர் அறிவித்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முகமறியாத ஊர்களின் விதை மூட்டைகளில் கணவரின் பெயர் அச்சாகும் என்ற நினைப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனைவி மறுபடி வேலைக்கு வந்தார். இறுதி வயல் சோதனை ஒன்றே பாக்கியிருந்தது. அதன் பொறுப்பு உங்களுடையது.

மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முந்தின நாள் காற்றும் மழையும் அடித்தன. மறுநாள் விடிந்ததும் நம் வயல் பணியாளர்களும் ஓட்டுநரும் உங்களுக்கு முன்பே வயலுக்குப் போய்விட்டார்கள். தரையோடு படுத்துக் கிடந்த நாற்பத்தொன்றை நிமிர்த்தி, பயிர்த்தண்டின் நிறத்திலேயே சணல் தேடிப்பிடித்து, நாலு பக்கமும் முளைக்குச்சி அடித்துக் கட்டினார்கள். தூரத்திலிருந்து பார்க்கப் பயிர் அணிவகுப்புப் போல நின்றது. நீங்கள் கிட்டத்தில் போய்ப் பார்த்தீர்கள்.

"பார்லிக்கு இடுப்புப் பட்டை கட்டினது யாரு?"

ஓட்டுநர்தான் வாய் திறந்தார். "ஜோசியருக்காக இன்னைக்கு ஒரு நாள் கண்டுக்காம விடுங்கக்கா. குழு போனதும் அவுத்துடறோம்."

"சரி, குழு போயிடும். நாளைக்கு இதை வாங்கி விதைக்கிறவங்க வயலுக்கெல்லாம் கயித்தைத் தூக்கிக்கிட்டு நீ போவியா?"

ஐம்பதைக் கடந்த முழங்கால்களைச் சேற்றில் ஊன்றி, ஒவ்வொரு குச்சியாக நீங்களே பிடுங்கினீர்கள். நாற்பத்தொன்று மெல்லச் சரிந்து பக்கத்துப் பாத்தியின் மேல் விழுந்தது. சேறு படிந்த கையோடு அங்கிருந்து நேரே விதைக்கிடங்குக்கு நடந்தீர்கள்.

"தங்கச்சி, அது சாயுது. சாயலன்னு நான் எழுத மாட்டேன்."

"அவர் பேரைச் சொல்ல அது ஒண்ணுதானேக்கா இருந்துச்சு."

"தெரியும்மா."

அதற்குமேல் ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லாமல் வயலுக்குத் திரும்பினீர்கள். நாற்பத்தொன்று தேர்விலிருந்து தள்ளப்பட்டது. கல்நெஞ்சக்காரி என்று உங்கள் காதில் விழும்படியே பேசினோம். அந்தப் பருவம் முழுவதும் கிடங்குக்காரர் தலைநிமிராமல் விதைப் பொட்டலங்களை நீட்டினார். நீங்களும் "சரியா இருக்கு" என்பதோடு வாங்கிச் சென்றீர்கள்.

அடுத்த விதைப்புக்கு முன் ஒருநாள் கிடங்கு வாசலில் வந்து நின்றீர்கள்.

"நாற்பத்தொண்ணுல கொஞ்சம் விதை வேணும்."

"அதைத்தான் தள்ளியாச்சே. இன்னும் எதுக்கு?"

"தாயா வைக்க. இலைநோய் அதை அண்டவே இல்ல, கதிரும் நல்ல கனம். அதுல ஜோசியர் சொன்னது ஒண்ணும் தப்பில்ல. தண்டுதான் சொத்தை. குட்டையா, தண்டு உறுதியா ஒரு அப்பன் பார்த்து வச்சிருக்கேன்."

"ஓ, மாப்பிள்ளை முடிவாயிடுச்சா!" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். கணவர் போனபின் அந்தக் கிடங்கில் கேட்ட முதல் சிரிப்பு அது. நீங்கள் சிரிக்கவில்லை, விதையின் ஈரப்பதம் எவ்வளவு என்று கேட்டீர்கள்.

வயலில் முக்காலி போட்டு அமர்ந்து, இலையுறைக்குள் ஒளிந்திருக்கும் இளங்கதிரைப் பிரித்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று மகரந்தப் பைகளையும் இடுக்கியால் நீக்கினீர்கள். ஒன்று தப்பினாலும் பயிர் தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்ளும், கலப்பு வீணாகும். நீங்கள் முடித்த கதிர்களுக்குக் காகித உறை மாட்டியவர் விதைக்கிடங்குக்காரர்.

அக்கலப்பின் பிள்ளைகள் இன்று ஐந்தாம் தலைமுறையாக வயலில் நிற்கின்றன. அவற்றின் இலைகளையும் ஜோசியர் விட்டுச்சென்ற முறையில்தான் படித்திருக்கிறோம். எது நிற்கும், எது விழும் என்பது இன்னும் சில பருவங்கள் காற்றடித்த பிறகே தெரியும்; அதற்குள் உங்கள் பணிக்காலம் முடிகிறது. தம் கணவர் பெயரால் இந்நிலையத்தில் யாரும் பொய் எழுதவில்லை என்பது அந்த மனைவிக்கு இப்போது போதுமானதாக இருக்கிறது. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நடுநிலை தவறாத நல்லவரே! முழங்கால் வலி குறைந்து, கண்ணின் கூர்மை குறையாமல், நோயின்றி நெடுநாள் நீங்கள் வாழ வேண்டும்! போகிற வழியில் எந்த வயலைக் கண்டாலும் இறங்கிக் கதிரைக் கிள்ளிப் பார்க்கும் அந்தக் கெட்ட பழக்கம் உங்களை விட்டுப் போகாதிருக்கட்டும்!

தாய்விதைக்காக நாற்பத்தொன்றை இந்தப் பருவமும் ஒரு பாத்தியில் விதைத்திருக்கிறோம். போன வாரக் காற்றில் அது சாய்ந்துவிட்டது; சாய்ந்தது என்றே எழுதி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
நிலையப் பணியாளர்கள் அனைவரும்,
விதைக்கிடங்குப் பொறுப்பாளரின் கையெழுத்தில்